வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வதும் விடுபட்ட பொருளைப் பிடிப்பதும்: முழுமையான வழிகாட்டி

வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது ஒரே வேலைதான். முன்னால் ஒரு 2 போடுவார்கள், சரியாக வராது, அழிப்பார்கள், 3 போடுவார்கள், மறுபக்கம் கெட்டுப்போகும், அதையும் அழிப்பார்கள், ரப்பர் தேய்த்துத் தாள் ஓட்டையாகும் வரை இது நடக்கும். நானும் பத்தாவதில் அப்படித்தான் ஓட்டினேன். சின்னச் சமன்பாடுகள் அதிர்ஷ்டத்தில் விழுந்துவிடும், பெரிதாக ஒன்று வந்தால் கேள்வியையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். பல வருடம் கழித்துத் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான், இதில் ஊகிக்க ஒன்றுமே இல்லை, இது முழுக்க வரவு செலவுக் கணக்கு என்பது எனக்கே உறைத்தது.

தொடங்கும் முன் ஒன்று. போனில் தட்டும்போது காலடியில் வரவேண்டிய சின்ன எண் மேலே ஏறி நின்றுகொண்டு முன்னால் இருக்கும் பெரிய எண்ணோடு குழம்பிவிடுகிறது. இந்தப் பாடத்தில் அந்த இரண்டும் குழம்பினால் எல்லாம் போச்சு. அதனால் இங்கே குறியீடு போடாமல் பொருளின் பெயரையே எழுதி, அதற்குள் எந்த அணு எத்தனை என்று அடைப்புக்குள் சொல்கிறேன். நீங்கள் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, உங்கள் புத்தகத்தில் இருக்கும் குறியீட்டில் கூடவே எழுதிக்கொண்டு வாருங்கள். இலங்கையில் படிப்பவர்கள் ஆக்ஸிஜனை ஒட்சிசன் என்றும் ஹைட்ரஜனை ஐதரசன் என்றும் வினைபடுபொருளைத் தாக்கி என்றும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

வினை நடக்கும்போது அணுக்கள் இடம் மாறும், ஜோடி மாறும், ஆனால் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது, ஒன்றுகூட மாயமாகாது. பிரான்சில் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட வேதியியல் நூலில் இதை அழுத்தமாகச் சொன்னார். அந்த மனிதருக்கு வருமானம் தந்த தொழில் வரி வசூல். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று தராசில் நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தை ஆய்வகத்திலும் அவர் விடவில்லை. (அந்த வரி வசூல்தான் பிரெஞ்சுப் புரட்சியில் அவர் உயிரையும் எடுத்தது. 1794இல் தலையை வெட்டிவிட்டார்கள்.)

ஆக, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனியாக இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அதற்கு நம் கையில் இருப்பது ஒரே ஒரு கருவி: ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் போடும் எண். மளிகைக்கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பாக்கெட் வேண்டுமானாலும் கேட்கலாம், பாக்கெட்டைப் பிரித்து இரண்டு பிஸ்கட் கூடப் போடு என்று கேட்கக் கூடாது.

இதை மீறினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஹைட்ரஜன் (ஹைட்ரஜன் 2) + ஆக்ஸிஜன் (ஆக்ஸிஜன் 2) → நீர் (ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 1)

இடது பக்கம் ஆக்ஸிஜன் இரண்டு, வலது பக்கம் ஒன்று. அவசரக்காரன் நீரின் வாய்ப்பாட்டில் (ஒரு பொருளில் எந்த அணு எத்தனை என்று காட்டும் குறியீடு) ஆக்ஸிஜனின் காலடியில் ஒரு 2 போட்டுவிட்டு "சார், முடிஞ்சிருச்சு" என்பான். எண்ணிக்கை சரிதான், ஆனால் அவன் எழுதியது இப்போது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக்கடையில் புண் கழுவ விற்பார்களே அது. குடிக்கத் தண்ணீர் கேட்டவருக்கு அதைக் கொடுத்த மாதிரிதான். சரியான வழி, நீருக்கு முன்னால் 2 போடுவது. உடனே வலது பக்கம் ஹைட்ரஜன் 4 ஆகிவிடும், அதற்கு ஈடாக இடது பக்கம் ஹைட்ரஜனுக்கு முன்னால் 2.

2 ஹைட்ரஜன் + ஆக்ஸிஜன் → 2 நீர்

வாய்ப்பாட்டைத் தொடக்கூடாது என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: தொடங்கும்போதே வாய்ப்பாடு சரியாக இருக்க வேண்டும். "எவ்வளவு போட்டாலும் சமன் ஆகமாட்டேங்குது" என்று என்னிடம் வந்த நோட்டுகளில் முக்கால்வாசியில் கோளாறு சமன் செய்வதில் இல்லை, அலுமினியம் குளோரைடில் மூன்று குளோரின் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றை எழுதி வைத்திருப்பார்கள். அலுமினியத்தின் இணைதிறன் (ஒரு அணு எத்தனை பிணைப்பு போடும் என்ற எண்) 3, குளோரினுக்கு 1, எனவே ஒரு அலுமினியத்துக்கு மூன்று குளோரின். இணைதிறன் தடுமாறினால் மேற்கொண்டு படிக்காமல் அதை முதலில் பாருங்கள். அதேபோல ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழும் தனியாக இருக்கும்போது ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். ஆக்ஸிஜன் என்று தனியாக எழுதினால் அதற்குள் இரண்டு அணு. இதை மறந்து போன மதிப்பெண்களுக்குக் கணக்கே இல்லை.

எங்கே தொடங்குவது

அடுப்பிலிருந்தே எடுத்துக்கொள்வோம். சமையல் கேஸில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேன் முழுதாக எரிவதைப் பார்ப்போம்.

பியூட்டேன் (கார்பன் 4, ஹைட்ரஜன் 10) + ஆக்ஸிஜன் (ஆக்ஸிஜன் 2) → கார்பன் டை ஆக்சைடு (கார்பன் 1, ஆக்ஸிஜன் 2) + நீர் (ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 1)

இதில் எந்தத் தனிமத்தை முதலில் பிடிப்பது என்பதில்தான் பாதி வெற்றி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு பொருளில் மட்டும் இருக்கிற தனிமத்தை முதலில் எடுங்கள். கார்பன் இடது பக்கம் பியூட்டேனில் மட்டும், வலது பக்கம் கார்பன் டை ஆக்சைடில் மட்டும். ஹைட்ரஜனும் அப்படியே. ஆக்ஸிஜன் வலது பக்கம் இரண்டு பொருளில் பரவிக் கிடக்கிறது, அதோடு இடது பக்கம் தனி ஆளாக நிற்கிறது. தனியாக நிற்கும் தனிமத்தை எப்போதும் கடைசிக்கு வையுங்கள், ஏனென்றால் அதன் முன் எண்ணை மாற்றினால் வேறு எந்தத் தனிமத்தின் கணக்கும் கெடாது.

கார்பன் 4, எனவே கார்பன் டை ஆக்சைடு 4. ஹைட்ரஜன் 10, எனவே நீர் 5. இப்போது வலது பக்கம் ஆக்ஸிஜனை எண்ணுங்கள்: நான்கு கார்பன் டை ஆக்சைடில் 8, ஐந்து நீரில் 5, ஆக மொத்தம் 13. இடது பக்கம் ஆக்ஸிஜன் இரண்டிரண்டாகத்தான் வரும். 13 ஒற்றைப்படை. ஆறரை மூலக்கூறு வேண்டும்.

இங்கேதான் பலர் பயந்துபோய் முதலிலிருந்து அழிப்பார்கள். அழிக்க வேண்டாம். ஆறரை என்றே எழுதிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் 2 ஆல் பெருக்கிவிட்டால் அரை போய்விடும்.

2 பியூட்டேன் + 13 ஆக்ஸிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

சரிபார்ப்பு: கார்பன் 8, 8. ஹைட்ரஜன் 20, 20. ஆக்ஸிஜன் 26, வலது பக்கம் 16ம் 10ம் சேர்ந்து 26. முடிந்தது. இந்தச் சரிபார்ப்பைத் தாவாதீர்கள், பத்து விநாடி வேலை.

ஒரு சின்னத் திசைதிருப்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். அணு நிறை ஹைட்ரஜனுக்கு 1, கார்பனுக்கு 12, ஆக்ஸிஜனுக்கு 16 என்று வைத்தால், 58 கிராம் பியூட்டேன் 208 கிராம் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு 176 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 90 கிராம் நீரும் தரும். இரண்டு பக்கமும் 266. வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோவும் பியூட்டேன் என்றே வைத்துக் கணக்குப் போட்டால், அது தீர்வதற்குள் அடுப்படியிலிருந்து ஏறக்குறைய 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோ நீராவியும் வெளியேறியிருக்கும். தீர்ந்துபோன கேஸைப்போல் நாலரை மடங்கு எடை காற்றில் எப்படி வந்தது என்று ஒரு பெண் கேட்டாள். சமையலறைக் காற்றிலிருந்து சுமார் 51 கிலோ ஆக்ஸிஜன் உள்ளே போயிருக்கிறதே, அதுதான். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கச் சொல்வது சும்மா இல்லை.

பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்

குடிநீர் நிலையங்களில் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க அலுமினியம் சல்பேட் போடுவார்கள். நம் வீட்டுப் படிகாரத்துக்கு அது நெருங்கிய சொந்தம். கூடவே சுண்ணாம்பும் சேர்ந்தால் கஞ்சி மாதிரி ஒரு வீழ்படிவு உண்டாகி, அழுக்கை வாரிக்கொண்டு அடியில் இறங்கும். அதன் சமன்பாடு:

அலுமினியம் சல்பேட் (அலுமினியம் 2, சல்பேட் 3) + கால்சியம் ஹைட்ராக்சைடு (கால்சியம் 1, ஹைட்ராக்சைடு 2) → அலுமினியம் ஹைட்ராக்சைடு (அலுமினியம் 1, ஹைட்ராக்சைடு 3) + கால்சியம் சல்பேட் (கால்சியம் 1, சல்பேட் 1)

இதைத் தனித்தனி அணுவாக உடைத்தால் அலுமினியம், கந்தகம், கால்சியம், ஹைட்ரஜன், அதோடு நாலு பொருளிலும் விரவிக் கிடக்கும் ஆக்ஸிஜன் என்று தலை சுற்றும். அடைப்புக்குள் நான் ஏற்கெனவே உடைக்காமல்தான் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? சல்பேட் ஒரு பொட்டலமாக உள்ளே போய் அதே பொட்டலமாக வெளியே வருகிறது, ஹைட்ராக்சைடும் அப்படியே. எனவே பொட்டலத்தை எண்ணினால் போதும். சல்பேட் 3, எனவே கால்சியம் சல்பேட் 3. அப்படியானால் கால்சியம் 3, எனவே கால்சியம் ஹைட்ராக்சைடு 3. அதில் ஹைட்ராக்சைடு 6. அலுமினியம் 2 என்பதால் அலுமினியம் ஹைட்ராக்சைடு 2, அதிலும் ஹைட்ராக்சைடு 6. தானாகவே பூட்டிக்கொண்டது.

1 அலுமினியம் சல்பேட் + 3 கால்சியம் ஹைட்ராக்சைடு → 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 கால்சியம் சல்பேட்

சந்தேகம் இருந்தால் ஆக்ஸிஜனை உடைத்து (ஒரு சல்பேட்டில் 4, ஒரு ஹைட்ராக்சைடில் 1) எண்ணுங்கள், இரண்டு பக்கமும் 18 வரும். ஆனால் பொட்டலம் அப்படியே வெளியே வந்தால் மட்டும்தான் இந்தக் குறுக்குவழி செல்லும். உடைந்து வந்தால் செல்லாது, அதற்கு ஒரு உதாரணம் பின்னால் வருகிறது.

விடுபட்ட பொருளைத் தேடுவது

இதற்கும் அதே கணக்கு நோட்டுதான், கூட்டலுக்குப் பதில் கழித்தல். தெரிந்த பக்கத்தின் அணுக்களை எல்லாம் எழுது, மறுபக்கத்தில் தெரிந்ததைக் கழி, மிச்சம் என்னவோ அதுதான் காணாமல் போனது.

சுலபமானது முதலில். சுவரில் அடித்த சுண்ணாம்பு நாளாக நாளாகக் கெட்டிப்படுகிறதே, அது:

கால்சியம் ஹைட்ராக்சைடு (கால்சியம் 1, ஆக்ஸிஜன் 2, ஹைட்ரஜன் 2) + ? → கால்சியம் கார்பனேட் (கால்சியம் 1, கார்பன் 1, ஆக்ஸிஜன் 3) + நீர்

வலது பக்கம் மொத்தம்: கால்சியம் 1, கார்பன் 1, ஆக்ஸிஜன் 4, ஹைட்ரஜன் 2. இடது பக்கம் கையில் இருப்பதைக் கழித்தால் கார்பன் 1, ஆக்ஸிஜன் 2 மிச்சம். கார்பன் டை ஆக்சைடு. சுவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது? காற்றிலிருந்து. சூளையில் கிட்டத்தட்ட இதன் தலைகீழ் நடக்கிறது: 100 கிராம் சுத்தமான சுண்ணாம்புக்கல்லை, அதாவது கால்சியம் கார்பனேட்டை, முழுதாகச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும், பறந்துபோன 44 கிராம் இதே கார்பன் டை ஆக்சைடு. சில கேள்விகளில் அணுக்களுக்குப் பதிலாக இப்படி எடையைக் கொடுத்தும் விடுபட்டதைக் கேட்பார்கள், கழித்தல் அதேதான்.

அடுத்தது கொஞ்சம் குறும்பு பிடித்தது. மாம்பழ சீசனில் கல் வைத்துப் பழுக்கவைக்கிறார்கள் என்று பேசிக்கொள்வோமே, அந்தக் கல் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டதும் ஒரு வாயு வரும்.

கால்சியம் கார்பைடு (கால்சியம் 1, கார்பன் 2) + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு + ?

நீருக்கு முன்னால் எதுவும் போடாமல் கழித்தால் இடிக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு ஆக்ஸிஜன் இரண்டு வேண்டும், ஒரு நீரில் ஒன்றுதான் இருக்கிறது. மிச்சம் 'கழித்தல் ஒன்று' ஆக்ஸிஜன் என்று வந்தால் ஏதோ ஒரு முன் எண் குறைகிறது என்று அர்த்தம். இங்கே ஆக்ஸிஜன் தரக்கூடியது நீர் மட்டும், எனவே நீர் 2. இப்போது இடது பக்கம் கால்சியம் 1, கார்பன் 2, ஹைட்ரஜன் 4, ஆக்ஸிஜன் 2. கால்சியம் ஹைட்ராக்சைடைக் கழித்தால் கார்பன் 2, ஹைட்ரஜன் 2 நிற்கும். அசிட்டிலீன். கேஸ் வெல்டிங் கடையில் எரிவது இதுதான். பழத்தில் இயற்கையாகச் சுரக்கும் எத்திலீனின் வேலையை இதுவும் ஓரளவு செய்வதால்தான் பழம் மஞ்சளாகிறது. கார்பைடில் ஆர்செனிக் மாதிரி விஷக் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் பழத்துக்கு இதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது.

இப்படி ஒரே ஒரு பொருள் விடுபட்டிருந்தால் கழித்தல் போதும். வலது பக்கம் முழுக்கக் காலியாக இருந்தால்? அப்போது கணக்கு மட்டும் கைகொடுக்காது, வினையின் வகை தெரிய வேண்டும். கார்பனும் ஹைட்ரஜனும் உள்ள பொருள் தாராளமான ஆக்ஸிஜனில் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் உப்பு, நீர், கார்பன் டை ஆக்சைடு மூன்றும். இவ்வளவையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், அதற்கு மாற்றுவழி எனக்குத் தெரியாது.

இரண்டு உப்புக் கரைசலைக் கலக்கும் கேள்வியில் ஜோடி மாற்றி எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். மாறி வந்த ஜோடியில் ஏதாவது ஒன்று கரையாமல் வீழ்ந்தால்தான், அல்லது நீரோ வாயுவோ உண்டானால்தான் வினை நடந்ததாக எழுதலாம். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் பொதுவாகக் கரையும். நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும். குளோரைடுகளில் சில்வர் குளோரைடு கரையாது, சல்பேட்டுகளில் பேரியம் சல்பேட் கரையாது. லெட் நைட்ரேட்டையும் பொட்டாசியம் அயோடைடையும் கலந்தால் பளிச்சென்ற மஞ்சளில் லெட் அயோடைடு வீழும். ஒரு லெட் நைட்ரேட்டுக்கு இரண்டு பொட்டாசியம் அயோடைடு, கிடைப்பது ஒரு லெட் அயோடைடும் இரண்டு பொட்டாசியம் நைட்ரேட்டும். ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. சோடியம் குளோரைடையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் கலந்தாலோ வெறும் உப்புத் தண்ணீர்தான்.

உலோக இடப்பெயர்ச்சிக்கு வினைத்திறன் வரிசை: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, காரீயம் (லெட்), அப்புறம் ஹைட்ரஜன், அதற்குக் கீழே செம்பு, வெள்ளி, தங்கம். மேலே இருப்பது கீழே இருப்பதைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். மயில்துத்தக் கரைசலில், அதாவது காப்பர் சல்பேட்டில், இரும்பு ஆணியைப் போட்டால் ஆணியின் மேல் செம்பு படியும், நீலம் மெல்ல வெளிறும்.

அ, ஆ, இ வைத்துத் தீர்ப்பது

இனி நான் மேலே சொன்ன உதாரணம். செம்பைச் செறிவான நைட்ரிக் அமிலத்தில் போட்டால் என்ன வரும்? "உலோகம் + அமிலம், எனவே உப்பு + ஹைட்ரஜன்" என்று எழுதி, அழகாகச் சமனும் செய்துவிடலாம்: ஒரு செம்பு, இரண்டு நைட்ரிக் அமிலம், ஒரு காப்பர் நைட்ரேட், ஒரு ஹைட்ரஜன். அணுக்கணக்கில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அப்படி ஒரு வினை நடக்கவே நடக்காது. வரிசையில் செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது, அதைத் தள்ளிவிடும் தெம்பு செம்புக்கு இல்லை. உண்மையில் கிளம்புவது பழுப்பு நிறத்தில் தொண்டையைப் பிடிக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு. நச்சு வாயு, புகை போக்கும் வசதி இல்லாத இடத்தில் செய்து பார்க்காதீர்கள்.

செம்பு + நைட்ரிக் அமிலம் (ஹைட்ரஜன் 1, நைட்ரஜன் 1, ஆக்ஸிஜன் 3) → காப்பர் நைட்ரேட் (செம்பு 1, நைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 6) + நைட்ரஜன் டை ஆக்சைடு (நைட்ரஜன் 1, ஆக்ஸிஜன் 2) + நீர்

நைட்ரேட் பொட்டலம் பாதி முழுதாகவும் பாதி உடைந்தும் வருகிறது, அதனால் பொட்டலக் கணக்கு செல்லாது. நைட்ரஜன் வலது பக்கம் இரண்டு இடத்தில், ஆக்ஸிஜன் மூன்று இடத்தில். இந்த மாதிரி நேரத்தில் அழித்து எழுதி நேரத்தை வீணாக்காமல், ஐந்து பொருளுக்கும் முன்னால் வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதி இயற்கணிதத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்.

செம்பு: அ = இ
ஹைட்ரஜன்: ஆ = 2உ
நைட்ரஜன்: ஆ = 2இ + ஈ
ஆக்ஸிஜன்: 3ஆ = 6இ + 2ஈ + உ

தெரியாதது ஐந்து, சமன்பாடு நான்கு. பரவாயில்லை, நமக்கு வேண்டியது விகிதம்தானே, ஒன்றுக்கு நாமே மதிப்பு வைத்துக்கொள்ளலாம். அ = 1 என்போம், இ = 1 ஆகிறது. ஹைட்ரஜன் வரியையும் நைட்ரஜன் வரியையும் சேர்த்தால் 2உ = 2 + ஈ, அதாவது ஈ = 2உ − 2. ஆக்ஸிஜன் வரியில் ஆ இருக்கும் இடத்தில் 2உ போட்டால் 6உ = 6 + 2ஈ + உ, அதாவது 5உ = 6 + 2ஈ. அதில் ஈயின் மதிப்பைப் போடுங்கள்: 5உ = 6 + 4உ − 4, உ = 2. எனவே ஈ = 2, ஆ = 4.

1 செம்பு + 4 நைட்ரிக் அமிலம் → 1 காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரஜன் டை ஆக்சைடு + 2 நீர்

எலக்ட்ரான் கணக்குத் தெரிந்த பிளஸ் ஒன் பிள்ளைகள் இதை இன்னும் சீக்கிரம் முடிக்கலாம். செம்பு இரண்டு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, ஆக்ஸிஜனேற்ற எண் 5லிருந்து 4க்கு இறங்கும் ஒவ்வொரு நைட்ரஜனும் ஒன்றை வாங்கிக்கொள்கிறது, எனவே ஒரு செம்புக்கு இரண்டு நைட்ரஜன் டை ஆக்சைடு. செம்போடு உப்பாகப் போவதற்கு இன்னும் இரண்டு நைட்ரேட். ஆக மொத்தம் நான்கு.

அதே செம்பு, அதே நைட்ரிக் அமிலம், ஆனால் அமிலம் நீர்த்ததாக இருந்தால் முக்கியமாக வருவது நைட்ரிக் ஆக்சைடு (நைட்ரஜன் 1, ஆக்ஸிஜன் 1). அப்போது கணக்கு 3 செம்பு, 8 நைட்ரிக் அமிலம், 3 காப்பர் நைட்ரேட், 2 நைட்ரிக் ஆக்சைடு, 4 நீர் என்று ஆகிவிடும். இரண்டு கணக்கும் சரி. குடுவையில் எது நடக்கும் என்பதை அமிலத்தின் செறிவுதான் தீர்மானிக்கும். அதனால் கேள்வியில் "செறிவான", "நீர்த்த", "வெப்பப்படுத்தும்போது" என்றெல்லாம் இருந்தால் அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள், விடையே அதில்தான் இருக்கும்.

அயனிச் சமன்பாடு எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு வரி. அணு ஒத்தால் போதாது, மின்சுமையும் ஒக்க வேண்டும். ஒரு செம்பு, ஒரு நேர்மின்சுமை கொண்ட ஒரு வெள்ளி அயனியோடு சேர்ந்து இரண்டு நேர்மின்சுமை கொண்ட செம்பு அயனியையும் வெள்ளியையும் தருகிறது என்று எழுதினால் அணு சரியாக இருக்கும், ஆனால் சுமை இடது பக்கம் 1, வலது பக்கம் 2. வெள்ளி அயனி இரண்டு வேண்டும், வெள்ளியும் இரண்டு.

செய்து பாருங்கள்

விடையைப் பார்க்காமல் போடுங்கள். முன் எண்கள் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுக்க முடிந்தால் வகுத்துச் சுருக்குங்கள், 4, 2, 4 என்று விட்டுவைத்தால் மதிப்பெண்ணை வெட்டுவார்கள்.

முதலாவது, தீக்குச்சி மருந்தில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் (பொட்டாசியம் 1, குளோரின் 1, ஆக்ஸிஜன் 3) வெப்பத்தில் பொட்டாசியம் குளோரைடாகவும் ஆக்ஸிஜனாகவும் சிதைகிறது.

இரண்டாவது, ஆப்ப சோடா (சோடியம் 1, ஹைட்ரஜன் 1, கார்பன் 1, ஆக்ஸிஜன் 3) வெப்பத்தில் சோடியம் கார்பனேட் (சோடியம் 2, கார்பன் 1, ஆக்ஸிஜன் 3) + நீர் + ? ஆகிறது.

மூன்றாவது, ? + 2 சோடியம் ஹைட்ராக்சைடு → சோடியம் சல்பேட் (சோடியம் 2, கந்தகம் 1, ஆக்ஸிஜன் 4) + 2 நீர்.

நான்காவது, அம்மோனியா (நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 3) + ஆக்ஸிஜன் → நைட்ரிக் ஆக்சைடு + நீர். அடம் பிடித்தால் அ, ஆ, இ, ஈ போடுங்கள்.

ஐந்தாவது, இரும்பு சல்பேட் கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டால் வரும் விளைபொருள்களை எழுதிச் சமன் செய்க.

விடைகள். முதலாவது 2, 2, 3. மூன்றுக்கும் இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 6 என்பதைப் பிடித்தால் ஒரே அடியில் முடிந்திருக்கும். இரண்டாவதில் சோடியம் இரண்டு வேண்டும் என்பதால் ஆப்ப சோடா 2, அப்புறம் கழித்தால் மிச்சம் கார்பன் 1, ஆக்ஸிஜன் 2, அதாவது கார்பன் டை ஆக்சைடு, ஆப்பம் உப்புவதும் இதனால்தான். மூன்றாவதில் மிஞ்சுவது ஹைட்ரஜன் 2, கந்தகம் 1, ஆக்ஸிஜன் 4, சல்ஃபியூரிக் அமிலம். நான்காவது 4, 5, 4, 6. ஐந்தாவதில் காப்பர் சல்பேட் + இரும்பு என்று எழுதியிருந்தால் வினைத்திறன் வரிசையை மறுபடி ஒருமுறை பாருங்கள். கம்பி கம்பியாகவே கிடக்கும்.